உடை மாறிய மன்னர்

செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் வாரச்சந்தை ஆடு விற்பனைக்குப் பெயர் பெற்றது. பொழுது புலர்வதற்கு முன்பே சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆடுகளுடன் விவசாயிகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அழுக்கேறிய வேட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் தேய்ந்த செருப்பு. விற்பனை முடிந்ததும் அவர்களில் சிலர் ஏதேனும் ஒரு வேலையாக அரசு அலுவலகத்துக்கோ வங்கிக்கோ செல்வதுண்டு. வாசற்படியில் கால் வைக்கும்போதே தோளில் கிடக்கும் துண்டு தானாக இறங்கி அக்குளுக்குள் ஒடுங்கிவிடுகிறது. உள்ளே யாரும் அவ்வாறு செய்யும்படி கூறவில்லை. ஆனால், மடிப்புக் கலையாத கால்சட்டையும் மெருகேற்றிய காலணியுமாக அடுத்து நுழைபவருக்கு நாற்காலி காட்டப்படுவதை அந்த விவசாயி பலமுறை பார்த்திருக்கிறார்.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் ஊருக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் ராஜகிரிக் கோட்டையின் பக்கம் என் பார்வை திரும்பும். ஏறத்தாழ 335 ஆண்டுகளுக்கு முன்பு அக்கோட்டைக்கு ஓர் அரசர் வந்து சேர்ந்தார். பட்டும் முத்தும் அணிந்து யானை மீது அவர் வரவில்லை. சாதாரண யாத்ரீகரின் எளிய உடையில் பல நூறு கிலோமீட்டர் கடந்து வந்தார். அவர் சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் ராஜாராம்.

செஞ்சி என்றதும் தமிழர்களுக்கு ராஜா தேசிங்கின் நினைவே முதலில் எழுகிறது. கதைப்பாடல்கள் தேசிங்கை நம் நெஞ்சில் நிலைநிறுத்திவிட்டன. ஆனால், எட்டு ஆண்டுகளுக்கு மேல் மராட்டிய அரசின் தலைநகராகவே இவ்வூரை ஆக்கிய ராஜாராமின் வாழ்க்கை நம்மில் பலரும் அறியாதது. 2025 ஜூலை மாதம், மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சிதான். அந்தப் பெருமையில் ராஜாராமுக்கும் பங்குண்டு.

1670-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று சிவாஜிக்கும் சோயராபாய்க்கும் மகனாகப் பிறந்தார் ராஜாராம். நான்கு வயதில் தந்தையின் முடிசூட்டு விழாவைக் கண்டார். அவருக்கு ஏழு வயதானபோது, 1677-இல், சிவாஜி தமது தென்னிந்தியப் படையெடுப்பில் பீஜப்பூர் அரசின் வசமிருந்த செஞ்சியைக் கைப்பற்றினார். என்றேனும் ஒருநாள் தம் குடும்பத்துக்கு அதுவே புகலிடமாகும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தாரோ என்னவோ, கோட்டையை வலுப்படுத்த ஏற்பாடுகளும் செய்தார்.

1680-இல் சிவாஜி மறைந்தவுடன் பத்து வயதுச் சிறுவனான ராஜாராமை அரியணையில் அமர்த்தினர் சோயராபாயும் சில அமைச்சர்களும். அது நீடிக்கவில்லை. மூத்த மகன் சம்பாஜி விரைவிலேயே ஆட்சியைக் கைப்பற்றினார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ராஜாராம் காவலில் வைக்கப்பட்ட இளவரசராகவே வாழ்ந்தார். அரச உடை இருந்தது, அரசு இல்லை.

1689 பிப்ரவரியில் சம்பாஜி முகலாயர்களிடம் பிடிபட்டார். அவரை உடனே கொன்றுவிடவில்லை ஔரங்கசீப். சம்பாஜிக்கும் அவருடைய நண்பர் கவி கலசருக்கும் கோமாளி உடையும் மணிகள் கட்டிய குல்லாயும் அணிவித்து, ஒட்டகத்தின் மீது ஏற்றி முகாம் முழுவதும் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். அதன் பிறகே சித்திரவதையும், மார்ச் 11 அன்று மரணமும் நிகழ்ந்தன. ஓர் அரசரின் உயிரைப் பறிப்பதற்கு முன் அவருடைய உடையைப் பறிக்க வேண்டும் என்று பேரரசு கருதியது. உடை என்பது வெறும் துணியல்ல என்பதை அதிகாரம் எப்போதும் அறிந்தே வைத்திருக்கிறது.

பத்தொன்பது வயதில் ராஜாராம் இரண்டாம் முறையாக அரசரானார். முகலாயப் படை ராய்கட் கோட்டையை நெருங்கியது. சம்பாஜியின் மனைவி யேசுபாய் தம் சிறு மகன் ஷாஹுவுடன் கோட்டையில் தங்கி, ராஜாராம் வெளியேறிச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். அரச குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் அகப்பட்டுவிடக் கூடாது என்பதே அந்த முடிவின் சாரம். அவ்வாண்டின் இறுதிக்குள் ராய்கட் வீழ்ந்து, யேசுபாயும் ஷாஹுவும் சிறைப்பட்டனர். பிரதாப்கட், பன்ஹாளா என்று கோட்டை மாறிய ராஜாராமுக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பான இடம் தொலைதூரத்துச் செஞ்சி மட்டுமே.

1689 செப்டம்பர் இறுதியில் பன்ஹாளாவிலிருந்து லிங்காயத் யாத்ரீகர்களாக வேடம் பூண்ட ஒரு சிறு குழு புறப்பட்டது. வழியெங்கும் முகலாயக் காவல். கேளடி நாட்டை ஆண்ட அரசி சென்னம்மா, ஔரங்கசீப்பின் பகையைப் பொருட்படுத்தாமல் அவர்களுக்கு வழிவிட்டு உதவினார்.

ஆபத்து பெங்களூரில் நேர்ந்தது. அங்குத் தங்கியிருந்தபோது குழுவில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் பணிவுடன் கால் கழுவிவிட்டதை யாரோ கவனித்துவிட்டதாக மராட்டிய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. எல்லோரும் ஒரே விதமான எளிய உடையில் இருக்க, ஒருவருக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை என்ற ஐயம் எழுந்தது. செய்தி முகலாய அதிகாரியை எட்டுவதற்குள் ராஜாராம் ஓரிருவருடன் வேறு வழியில் அனுப்பப்பட்டார். எஞ்சியவர்கள் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளாயினர். தாங்கள் யாத்ரீகர்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவர்கள் சொல்லவில்லை. வேறு வழியின்றி விடுவிக்கப்பட்டனர்.

அவ்வாறு துன்புற்றவர்களுள் ஒருவராகக் குறிப்பிடப்படுபவர் காண்டோ பல்லாள். இவருடைய தந்தை, ராஜாராமுக்கு ஆதரவான சதியில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1681-இல் சம்பாஜியின் ஆணைப்படி கொல்லப்பட்டவர். அப்படியொரு இழப்புக்குப் பிறகும் அக்குடும்பத்தின் மகன் மராட்டிய அரசுக்காகத் துன்பத்தைத் தாங்கிக்கொண்டார். உடையை மாற்றிக்கொள்வது எளிது. பழகிப்போன ஏற்றத்தாழ்வை மறைப்பது கடினம். பெங்களூரில் நிகழவிருந்த பேரழிவுக்குக் காரணம் உடையில் இருந்த குறையன்று. கால் கழுவிய கைகளின் பழக்கம்.

நவம்பர் தொடக்கத்தில் வேலூர் வழியாக ராஜாராம் செஞ்சியை அடைந்தார். கேசவ பண்டிதர் என்னும் புலவர் இப்பயணத்தை ராஜாராம சரிதம் என்ற பெயரில் வடமொழிக் காவியமாக இயற்றினார்.

செஞ்சியை அடைந்ததும் ராஜாராம் செய்த முதன்மையான பணி மீண்டும் அரச உடைக்குள் புகுந்ததுதான். இதை ஆடம்பரமென்று ஒதுக்கிவிட இயலாது. அக்கால அரசியலில் அரசர் வழங்கும் அங்கியை ஏற்றுக்கொள்வது அவருடைய தலைமையை ஏற்பதாகும். 1666-இல் ஆக்ராவில் தமக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்று சினந்து, ஔரங்கசீப் அவையின் மரியாதை அங்கியை ஏற்க மறுத்தவர் சிவாஜி. மராட்டிய வழக்கில் ஒருவரை உயர் பதவியில் அமர்த்துவதையே வஸ்திரம் தருதல் என்றுதான் குறிப்பிட்டனர்.

செஞ்சியில் அவை கூடியது; அமைச்சர்கள் நியமிக்கப்பட்டனர். பிரகலாத் நிராஜிக்கு அரசரின் பிரதிநிதி என்ற புதிய பதவி உருவாக்கப்பட்டது. தாயகத்தில் தங்கி நிர்வாகத்தைக் கவனித்த ராமச்சந்திர பந்த் அமாத்யருக்கு ஹுகுமத்பனாஹ் என்ற பட்டமும் ஏறத்தாழ அரசருக்கு நிகரான அதிகாரமும் வழங்கப்பட்டன. சந்தாஜி கோர்படே சேனாபதியானார்; தனாஜி ஜாதவும் பெருமை பெற்றார்.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு என்னை வியக்க வைக்கிறது. ராஜாராமின் கருவூலத்தில் பணமில்லை. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்க நேர்ந்தது. அதுவே பின்னர் கடலூரின் புனித டேவிட் கோட்டையாயிற்று. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகள் விழுந்த எல்லை வரையிலான ஊர்களும் கைமாறின. ஊதியம் தரப் பணமில்லாத ஓர் அரசு, படைத்தலைவர்களுக்கு நிலத்தின் வருவாயையும், பட்டத்தையும், ஓர் அங்கியையும் தந்து போரை நடத்தியது. அங்கியின் துணிக்கு விலை சொற்பம். அது சுமத்திய கடமைக்கு விலை மதிப்பில்லை.

1690 முதல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் அமைச்சர் ஆசத் கானும் வந்து சேர்ந்தனர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் பெருமதில்களால் இணைத்த கோட்டை அசையவில்லை. 1692 இறுதியில் சந்தாஜியும் தனாஜியும் வந்து முகலாயப் படையைச் சிதறடித்தனர். முற்றுகையிட வந்தவர்களே சிலகாலம் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது.

ஆனால், அங்கியைத் தரத் தெரிந்த அரசருக்கு அதைத் திரும்பப் பெறும் நேரம் தெரியவில்லை. சந்தாஜியின் கண்டிப்பும் கடுஞ்சொல்லும் அவையில் வெறுப்பை வளர்த்தன. 1696-இல் அவரிடமிருந்து சேனாபதி பதவி பறிக்கப்பட்டுத் தனாஜிக்கு வழங்கப்பட்டது. இரு பெரும் தளபதிகளும் ஒருவரோடொருவர் போரிட்டனர். 1697-இல் சந்தாஜி கொல்லப்பட்டார். முகலாயர்களால் வெல்ல முடியாத வீரரை மராட்டிய அவையின் மனக்கசப்பு வீழ்த்திற்று. ராஜாராமின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பிழை வேறில்லை.

அடுத்த சில மாதங்களில் செஞ்சியின் முடிவு நெருங்கியது. கோட்டை வீழ்வதற்கு முன்பே ராஜாராம் மீண்டும் தப்பி, வேலூர் வழியாக 1698 தொடக்கத்தில் தாயகம் சேர்ந்தார். ஜுல்பிகர் கானின் கைக்குக் கிடைத்தது கோட்டை, அரசர் அல்லர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1700 மார்ச் 3 அன்று சிங்ககட் கோட்டையில் ராஜாராம் காலமானார். வயது முப்பது. அவருடைய மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். 1707-இல் ஔரங்கசீப் தக்காணத்திலேயே இறந்தபோதும் மராட்டிய அரசு அழிந்திருக்கவில்லை.

ராஜாராம் தந்தையைப் போன்ற மாவீரர் அல்லர். ஆயினும், எப்போது அரச உடையைக் களைய வேண்டும், எப்போது அணிய வேண்டும் என்பதை அறிந்திருந்தார். எளிய உடை அவருடைய உயிரைக் காத்தது. அரச உடை அவருடைய அரசைக் காத்தது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே பொருளற்றது.

இன்றைய விவாதங்களுக்கு வருவோம். 2014-இல், வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில், வேட்டி அணிந்தவர்களைத் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்கள் எத்தகைய உடையில் பணிக்கு வர வேண்டும் என்று அரசாணை வெளியானது. மறுபுறம், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் அணிந்து வந்தாலும் வேலை நடக்கிறதா என்றே பார்க்கின்றன. அலுவலக உடை மிடுக்காக இருக்க வேண்டுமா, இயல்பாக இருக்க வேண்டுமா என்ற விவாதம் ஓயவில்லை.

பணியிடத்துக்கென ஓர் உடை ஒழுங்கு இருப்பதில் தவறில்லை. சீருடை அணிந்த செவிலியரையும் காவலரையும் கூட்டத்தில் அடையாளம் காண முடிகிறது. ராஜாராம் தந்த அங்கியைப் போலவே அந்த உடை, அணிந்தவருக்குக் கடமையை நினைவூட்டுகிறது. சிக்கல் எழுவது வேறோர் இடத்தில். பதவியில் இருப்பவரின் கடமைக்கு அடையாளமாக இருக்க வேண்டிய உடை, மேசைக்கு எதிரே நிற்பவரின் மதிப்பை அளக்கும் கோலாக மாறும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

1776-இல் வெளியான தமது நூலில் ஆடம் ஸ்மித், லினன் சட்டை உயிர் வாழத் தேவையானதல்ல என்றாலும், அது இல்லாமல் பொது இடத்துக்கு வர ஒரு கூலித் தொழிலாளி கூச்சப்படுவார் என்பதால் அதையும் அத்தியாவசியப் பொருளாகவே கருதினார். கூச்சமின்றிப் பொதுவெளியில் நடமாடுவதும் மனிதரின் அடிப்படைத் தேவை என்பதே அதன் பொருள். எல்லோருக்கும் நல்ல சட்டை கிடைக்கச் செய்வது ஒரு வழி. சட்டை எதுவாயினும் கூச்சப்பட வேண்டாத அலுவலகங்களை உருவாக்குவது மற்றொரு வழி. பின்னதற்குச் செலவு கிடையாது. ஒரு நாற்காலியும், அமருங்கள் என்ற ஒரு சொல்லும் போதும்.

பெங்களூரில் ராஜாராமின் குழுவைக் காட்டிக்கொடுத்த அதே பழக்கம் நம் அலுவலகங்களிலும் இருக்கிறது. உடையைப் பார்த்து எழும் கால்களும், உடையைப் பார்த்து நிமிராத தலைகளும் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அழுக்கு வேட்டியுடன் வரிசையில் நிற்பவர் மாறுவேடத்தில் வந்த மன்னராக இருக்கலாம் என்று அஞ்சி மரியாதை செய்ய வேண்டியதில்லை. அவர் ஆடு வளர்க்கும் விவசாயியாகவே இருக்கட்டும். மக்களாட்சியில் அந்த அலுவலகத்தின் உரிமையாளர்களுள் அவரும் ஒருவர். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வாசற்படி ஏறும்போது, துண்டு அவர் தோளிலேயே கிடக்கட்டும்.