பெயர்களைச் சொல்லாத எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்

1951ஆம் ஆண்டு ஜூலை மாதம். நியூயார்க் நீதிமன்றத்தில் 57 வயது எழுத்தாளர் ஒருவர் நின்றிருந்தார். தலைமறைவாகிவிட்ட நான்கு கம்யூனிஸ்டுத் தலைவர்களுக்கு ஜாமின் தொகை கட்டிய நிதியின் பொறுப்பாளர்களில் அவரும் ஒருவர். அந்த நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று நீதிமன்றம் கேட்டது. அவர் ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

உலகப் புகழ்பெற்ற துப்பறியும் நாவலான 'தி மால்டீஸ் ஃபால்கன்' நூலை எழுதிய டாஷியல் ஹாமெட்தான் அவர்.

1894ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த ஹாமெட், குடும்பக் கஷ்டத்தால் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைகளைச் செய்தார். 1915இல் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். திருடர்களையும் ஏமாற்றுக்காரர்களையும் நேரில் கண்டறிந்த அந்த அனுபவமே பின்னாளில் அவருடைய கதைகளுக்கு மூலதனமானது.

முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்தவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. மருத்துவமனையில் பழக்கமான தாதி ஜோசஃபினை 1921இல் மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். நோய் குழந்தைகளுக்கும் தொற்றிவிடலாம் என்பதால் குடும்பத்தை விட்டுத் தனியே வாழ நேர்ந்தது. துப்பறியும் வேலையை உடல் தாங்காத நிலையில், மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிப் பிழைத்தார்.

அப்படி 'பிளாக் மாஸ்க்' இதழில் 1929இல் தொடராக வரத் தொடங்கி, 1930இல் நூலானதுதான் 'தி மால்டீஸ் ஃபால்கன்'. விலைமதிப்பற்ற கறுப்புப் பறவைச் சிலை ஒன்றைத் தேடி ஒரு கூட்டமே அலைகிறது. இதற்கிடையே துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் கூட்டாளி கொல்லப்படுகிறார். அந்தக் கூட்டாளியை ஸ்பேடுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும், கொலை செய்தவள் தன் மனத்தைக் கவர்ந்த பெண்தான் என்று தெரிந்ததும் அவளைப் போலீசிடம் ஒப்படைக்கிறார்.

1931இலும் 1936இலும் இக்கதை படமானது. ஆனால் நிலைத்து நின்றது, 1941இல் ஹம்ப்ரி போகார்ட் நடித்த மூன்றாவது படமே. இயக்குநர் ஜான் ஹூஸ்டனுக்கு அதுதான் முதல் படம். கதையை அதிகம் மாற்றாமல், நாவலின் உரையாடல்களைப் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தினார். மூன்று ஆஸ்கார் பிரிவுகளுக்கு அப்படம் முன்மொழியப்பட்டது.

1934க்குப் பிறகு ஹாமெட் புதிய நாவல் எதையும் வெளியிடவில்லை. 1942இல், 48 வயதில், நோயுற்ற நுரையீரலோடு மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தார். அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளில் படை வீரர்களுக்கான செய்தித்தாளை நடத்தினார்.

1951 சிறைவாசம் அவருடைய வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது. சுமார் ஐந்து மாதங்கள் கழித்து வெளியே வந்தபோது, சாம் ஸ்பேட் வானொலித் தொடர் நிறுத்தப்பட்டிருந்தது. வரி பாக்கிக்காக அரசாங்கம் அவருடைய வருமானத்தை முடக்கியது. 1953இல் செனட் குழு அவரை விசாரித்தது. அங்கும் அவர் பணியவில்லை. நண்பர் கொடுத்த சிறு வீட்டில் வாடகையின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

1961ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் ஹாமெட் காலமானார். இரண்டு உலகப் போர்களிலும் ராணுவத்தில் பணியாற்றியவர் என்ற முறையில், அவரைச் சிறையில் அடைத்த அதே நாட்டின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருடைய உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.