நின்ற இடமும் அடித்த அடியும்: ஹோனஸ் வாக்னர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)



கிரிக்கெட்டை அறியாதவர் நம் கல்லூரியில் எவரும் இலர். ஆனால் அமெரிக்கர்களின் பேஸ்பாலை அறிந்தவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு வரை நானும் அறியாதவனே. வகுப்புக் கருத்தரங்கில் சராசரி பற்றிப் பேச வேண்டி வந்தபோது, எண்கள் மலிந்த ஆட்டம் என்பதால் இதனைத் தேர்ந்தெடுத்தேன். அப்போது கண்ட மனிதர்தான் ஹோனஸ் வாக்னர்.

வாக்னர் 1874 பிப்ரவரி 24 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இன்று கார்னகி எனப்படும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் 12 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனார். கல் குவாரித் தொழிலாளியின் மகனாகிய எனக்கு இந்த வரியைக் கடந்து செல்லச் சற்று நேரம் பிடித்தது.

அகன்ற மார்பும் நீண்ட கைகளும் வளைந்த கால்களும் கொண்ட அவரைப் பார்த்து, ஓடக்கூடியவர் என்று எவரும் சொல்லார். ஆயினும் 700 முறைக்கு மேல் தளம் திருடியவர் அவர். (எதிரணி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதை அங்கே திருட்டு என்றே சொல்கிறார்கள். குற்றமில்லாத திருட்டு!) 1897இல் லூயிவில் அணியில் சேர்ந்தார். 1900 முதல் 1917 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடினார். நேஷனல் லீக்கில் எட்டு ஆண்டுகள் சராசரியில் முதலிடம் பெற்றார்.

சராசரி என்பது எளிய கணக்கு. அடிக்க முனைந்த வாய்ப்புகளில், அடித்துத் தளம் சேர்ந்தவை எத்தனை பங்கு என்பதே அது. வாக்னரின் வாழ்நாள் சராசரி ஏறத்தாழ 0.328. அவர் காலத்தவரான டை காப்பின் சராசரி 0.366. ஆகவே காப்தான் சிறந்தவர் என்று அட்டவணை போட்டுக் கட்டுரையை முடித்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். என் தந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பேஸ்பால் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆள் எந்த இடத்தில் நின்றான்? குவாரியில் லோடுக் கணக்கில்தான் கூலி. உதிரிக் கல்லில் நிற்பவருக்கு லோடு கூடும். இறுகிய பாறையில் நிற்பவருக்குக் குறையும். இடத்தைக் கேட்காமல் லோடை மட்டும் எண்ணுவது அவருக்கு விளங்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் தேடினேன். காப் வெளிக்களத்துக்காரர். வாக்னரோ 1903 முதல் நிலையாக ஷார்ட் ஸ்டாப். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடைப்பட்ட காவல் அது. வலக்கை ஆட்டக்காரர்களின் தரைப்பந்துகள் பெரும்பாலும் பாய்வது அந்தப் பக்கமே. பந்தைப் பாய்ந்து எடுத்து, நெடுந்தொலைவிலுள்ள முதல் தளத்துக்கு நொடியில் எறிய வேண்டும். அங்கே தவறவிட்ட பந்து எதிரணிக்கு ஓர் அடியாகிவிடுகிறது. ஆகவே தடுத்த ஒவ்வோர் அடியும் அடித்த அடிக்கு நிகரானது. ஆனால் அது சராசரியில் ஏறுவதில்லை. நம் விக்கெட் கீப்பர்களை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

இக்காவலுக்குத் தகுந்தவர் அரியர் என்பதால், அடிக்கத் தெரியாதவரையும் அணிகள் பொறுத்துக்கொள்ளும். அதே பிட்ஸ்பர்க் அணியில் 1974இல் சேர்ந்த ஷார்ட் ஸ்டாப் மரியோ மெண்டோசாவின் வாழ்நாள் சராசரி 0.215 தான். ஆயினும் அவர் ஒன்பது பருவங்கள் ஆடினார். அதே இடத்தில் நின்று 0.328! முதல் தளக்காரரோ வெளிக்களத்தின் ஓரக்காரரோ அடித்தால் அது எதிர்பார்த்த ஒன்று. ஷார்ட் ஸ்டாப் அடித்தால் அணிக்கு அது மிகை வரவு.

வாக்னரை வாக்னரோடே ஒப்பிட்டும் பார்த்தேன். 1900இல் பெரும்பாலும் வலது வெளிக்களத்தில் நின்று 0.381 எடுத்தார். 1908இல் ஷார்ட் ஸ்டாப்பாக நின்று 0.354. முதல் எண்ணே பெரிது. ஆனால் 1900இல் லீக் முழுவதன் சராசரி 0.279, பந்தெறிபவர்கள் கோலோச்சிய 1908இல் 0.239. முன்னதில் லீக்கைவிட 37 விழுக்காடு மிகுதி, பின்னதில் 48 விழுக்காடு. அதற்கு மேல் நின்ற இடத்தின் கடினமும் இருக்கிறது. சிறிய எண்தான் பெரிய ஆட்டம் என்று கண்டபோது எனக்கு உறக்கம் வரவில்லை.

1909 உலகத் தொடரில் வாக்னரும் காப்பும் நேருக்கு நேர் மோதினர். பிட்ஸ்பர்க் 4–3 என வென்றது. வாக்னர் 0.333, காப் 0.231. ஏழு ஆட்டங்கள் மிகச் சிறிய கூறு என்பதால் இதைச் சான்றாகக் கொள்ள மாட்டேன். 1903 தொடரில் இதே வாக்னர் 0.222 எடுத்துச் சோர்ந்ததும் உண்டு. பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் 2001இல் வெளிவந்த தம் நூலில், எல்லாக் காலத்து ஆட்டக்காரர்களிலும் பேப் ரூத்துக்கு அடுத்த இடத்தை வாக்னருக்கே தந்தார். காப் அவருக்குப் பின்னரே வருகிறார்.

1936இல் பேஸ்பால் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐவரில் வாக்னரும் ஒருவர். 1933 முதல் 1951 வரை பழைய அணிக்கே பயிற்சியாளராக இருந்து, இளைஞர்களுக்குப் பந்து பிடிக்கக் கற்றுத் தந்தார். 1955இல் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று, பிறந்த கார்னகியிலேயே காலமானார்.