குரூட்வில் கிராமத்து ஆசிரியர் அல்பேட் லுதுலி

தென்னாபிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்திலே, கரும்புத் தோட்டங்களின் நடுவே, குரூட்வில் என்னும் கிராமம் உண்டு. வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்கள் நிறுவிய அதே அமெரிக்க மிஷன் சங்கம் அமைத்த ஊர் அது. சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்த அல்பேட் லுதுலி அங்கு வளர்ந்தார். தாயார் வறுமையிலும் அவரைப் படிப்பித்தார்.

அடம்ஸ் கல்லூரியிலே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். 1935இல் ஊரவர் அவரைத் தம் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். சம்பளம் முன்னையிலும் குறைவு; எனினும் சென்றார். 1938இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்த உலகக் கிறிஸ்தவ மிஷனரி மகாநாட்டுக்கும் வந்து போனார்.

1952இல் நிறவெறிச் சட்டங்களை மீறி ஆபிரிக்கரும் இந்தியரும் ஒருங்கே சிறை புகுந்தனர். கைதானோர் 8,000க்கும் அதிகம். அச் சாத்வீகப் போராட்டத்தை நேட்டாலில் முன்னின்று நடத்தியவர்களுள் லுதுலியும் ஒருவர். ஆபிரிக்கத் தேசியக் காங்கிரசை விடுக, அன்றேல் தலைவர் பதவியை விடுக என்றது அரசாங்கம். இரண்டையும் விட மறுத்தார். அரசாங்க உத்தியோகத்தின் மகிமை நம்மவர் அறியாததன்று; ஆகவே அம் மறுப்பின் கனத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நவம்பரில் பதவி பறிக்கப்பட்டது. டிசம்பரில் காங்கிரசு அவரையே தன் தலைவராக்கியது.

அதன்பின் தடையுத்தரவுகள், தேசத்துரோக வழக்கு, மீண்டும் தடை. 1960 மார்ச்சில் ஷார்ப்வில்லிலே பொலிசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றனர். சில தினங்களில், கறுப்பர் எப்பொழுதும் கையில் வைத்திருக்கவேண்டிய அனுமதிப் புத்தகத்தைப் பகிரங்கமாக எரித்தார்.

1961 டிசம்பர் 10ஆந் திகதி ஒஸ்லோவில் 1960ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசைப் பெற்றார். ஆபிரிக்கர் ஒருவர் அப் பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆறு நாள்கள் செல்லுமுன் அவருடைய தோழர்களே நாசவேலைப் போராட்டத்தைத் தொடங்கினர். அதற்கு அவர் எவ்வளவு தூரம் இணங்கினார் என்பது பற்றி ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். தாம் அகிம்சாவாதி என்று காட்டித் தோழரைக் கைவிட்டிருந்தால் அவருக்குச் சௌகரியமாயிருந்திருக்கும். அவர் அவ்விதம் செய்யவில்லை. 1964இல் மண்டேலா முதலியோர் ஆயுட் சிறைத்தண்டனை பெற்றபோது அவர்களை ஆதரித்தே அறிக்கை விடுத்தார்.

1967 ஜூலை 21ஆந் திகதி, வீட்டுக்கு அண்மையிலுள்ள புகையிரதப் பாலத்தருகே படுகாயமுற்று இறந்தார். சரக்குப் புகையிரதம் மோதிய விபத்து என்று விசாரணையை முடித்தனர். குடும்பத்தார் அதை நம்பவில்லை. 2025 ஒக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பேர்க் உயர் நீதிமன்றம் அம் முடிவைத் தள்ளி, அவர் அடித்துக் கொல்லப்பட்டார் என்று தீர்த்தது. மனைவி நொகுகான்யா அதைக் கேட்க இருக்கவில்லை; அவர் 1996இலே காலமாகிவிட்டார்.