கைக்கறை அஞ்சாத மேதை: ஜி. துரைசாமி நாயுடு

நாமக்கல் நகருக்கு வடகிழக்கே முகில் தவழ நிற்கும் கொல்லிமலை, பழந்தமிழ்ப் புலவர் பலராலும் போற்றப்பெற்றது. வில்லாண்மையும் வள்ளன்மையும் ஒருங்கே வாய்ந்த வல்வில் ஓரி ஆண்ட நாடு அதுவேயாம். நெடுங்காலம் அம்மலைக்கு ஏறுவோர் கால்நடையாகவும் டோலியிலும் செல்ல வேண்டியிருந்தது. மலைவாழ் மக்களுக்கு மருத்துவம் புரிந்த ஜெஸ்ஸி பிராண்டு என்பார், 1929-ஆம் ஆண்டில் கடுங்காய்ச்சலுற்று அம்மலையிலேயே உயிர் நீத்தார். அந்நாளில் மோட்டார் வண்டி மேலேறுவதற்கு வழி இல்லை. இன்றோ, அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளோடு கூடிய சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. நடந்தேறுவோர் பகற்பொழுதைச் செலவிட்ட வழியைக் கார் சிறிது நேரத்தில் கடந்துவிடுகின்றது.

ஆயினும், அவ்வழியில் ஒரு காட்சி அவ்வப்போது தென்படும். வளைவின் ஓரமாகக் கார் ஒன்று முன்மூடி திறந்தபடி நிற்கும். உடையவர் கைகட்டி அருகில் நிற்பார். பல இலக்கம் ரூபாய் விலை கொடுத்து வாங்கிய பொருள். ஆனால் அதனுள் என்ன நேர்ந்தது என்பதை அவர் அறியார். எஞ்சினில் எண்ணெய் உளதா, இலதா என்று பார்க்கவும் அவர் கற்றிலர். ஒரு பொருளுக்கு விலை கொடுத்தவன் அதனை உடையவன் ஆகிவிடுவானா? அதன் இயல்பை அறிந்தவனன்றோ அதனை உண்மையில் உடையவன்? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக அளித்த தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவர் உளர். அவரே கோவை ஜி. துரைசாமி நாயுடு ஆவர்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள், வேளாண்குடி ஒன்றில் அவர் பிறந்தார். பள்ளிக் கல்வி அவருக்குச் சுவைக்கவில்லை. தொடக்க வகுப்புகளோடு ஏட்டையும் எழுத்தாணியையும் துறந்து கழனி வேலையில் ஈடுபட்டார். பிற்காலத்தில் பொறியியற் கல்லூரியொன்று தோன்றக் காரணமாயிருந்தவர் பள்ளியிறுதி வகுப்பையும் எட்டாதவர் என்பது வியப்புக்குரியதேயாம். ஆயின், கல்வியை அவர் வெறுத்தாரல்லர். கண்ணாற் கண்டும் கையாற் பிரித்தும் கற்கும் கல்வியே அவருக்கு உவந்ததாயிற்று.

அவர் இளைஞராயிருந்த காலத்தில், ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட நாள்முதல் துரைசாமியின் உள்ளம் அதிலேயே பதிந்துவிட்டது. அத்தகைய வண்டியொன்றைத் தாமும் பெறவேண்டும் என்று துணிந்தார். கையிற் பொருளில்லை. கோயமுத்தூர் சென்று உணவுவிடுதியொன்றில் பரிமாறும் பணியாளாக அமர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை விலைக்கு வாங்கினார்.

அதன்பின் அவர் செய்த செயலே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அரிதின் முயன்று பெற்ற வண்டியில் ஏறி ஊரார் வியக்க உலா வருவது இளைஞர் இயல்பு. துரைசாமியோ அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். எவ்வுறுப்பு எதனோடு இயைகின்றது, எது சுழல எது அசைகின்றது என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து மீண்டும் பூட்டினார். ஆசிரியரும் இல்லை, பாடநூலும் இல்லை. வண்டியே ஆசிரியன், வண்டியே நூல். பரிமாறி ஈட்டிய பணம் அவருக்கு ஒரு வண்டியைத் தந்தது. கழற்றிப் பூட்டிய உழைப்போ எல்லா வண்டிகளையும் அவருக்கு உரியனவாக்கிற்று.

பின்னர் அவர் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று வாணிகம் புரிந்து ஈட்டியவற்றை இழந்தார். வெறுங்கையோடு மீண்டவரை, தாம் கற்ற கருவியறிவே தாங்கிற்று. கோவையின் முதுபெருந் தொழிலதிபரான சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்கு உதவினார். 1920-ஆம் ஆண்டில் பஸ் ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அக்காலத்து வண்டிகளின் இயல்பை இன்றைய மாணவர் அறிதல் நன்று. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவிற் செய்யப்பெற்று உலகெங்கும் பரவிய ஃபோர்டு டி வண்டியில் எண்ணெயை ஏற்றும் பம்பும் இல்லை; அதனை வடிகட்டும் ஃபில்டரும் இல்லை. சுழலும் சக்கரம் எண்ணெயை வாரி இறைக்க, அதுவே உறுப்புகளை நனைத்தது. எண்ணெயின் அளவை அறிய வேண்டுமாயின் வண்டியின் கீழே குனிந்து சிறு குழாய்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். எண்ணெய் வடிகட்டி அமெரிக்க வண்டிகளில் இடம்பெறத் தொடங்கியது 1923-ஆம் ஆண்டளவிலேதான். புழுதி பறக்கும் மண்சாலையில் ஓடிய வண்டிகளின் எண்ணெய் விரைவில் கெடும். அடிக்கடி மாற்றாவிடில் எஞ்சின் தேய்ந்தொழியும். ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பவனுக்கு அஃது ஒரு நாள் நின்றாலும் அன்றைய வருவாய் இல்லை. ஆதலின், கையில் எண்ணெய்க்கறை படிவதற்கு அஞ்சுபவன் அத்தொழிலில் நிலைபெறல் இயலாது. நாயுடு நிலைபெற்றார், நிலைபெற்றதோடு வளர்ந்தார். சில ஆண்டுகளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவரது நிறுவனம், ஒழுங்குக்கும் நேரந்தவறாமைக்கும் தென்னாட்டிற் பெயர்பெற்ற பெரும் பஸ் நிறுவனமாயிற்று.

வண்டியளவில் அவர் உள்ளம் அமையவில்லை. 1937-ஆம் ஆண்டில், பீளமேட்டில் இருந்த அவரது தொழிற்சாலையிலிருந்து, இந்தியாவிற் செய்யப்பெற்றவற்றுள் முதலது எனப் பெயர்பெற்ற மின்சார மோட்டார் வெளிவந்தது. உடன் உழைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு ஆவர். மேனாடுகளுக்குப் பன்முறை சென்று தொழிற்சாலைகளைக் கண்டுவந்த துரைசாமி நாயுடு, மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி முதலிய பலவற்றை உருவாக்கினார். 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று அறிவித்தார். 1952-ஆம் ஆண்டில், இருவர் அமர்ந்து செல்லும் சிறு கார் ஒன்றை ஏறக்குறைய 2,000 ரூபாய் விலையில் விற்கத்தக்கதாகச் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிட்டாமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. எளியவனுக்கும் கருவி எட்டவேண்டும் என்பதே இவற்றிற்கெல்லாம் அடிநிலைக் கருத்தாம்.

1945-ஆம் ஆண்டளவில் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. இன்று அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. அதன் முதல்வராகவும் அவரே அமர்ந்தார். நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது; கைப்பயிற்சியை முதன்மையாக வைத்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதற்கு இசையவில்லை; அவர் விலகினார். கோட்பாட்டறிவின் ஆழத்தை அவர் குறைத்து மதித்தார் என்று கூறுவோரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், தேர்வில் முதன்மை பெற்றும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாத பொறியாளன் ஒருவனைக் காணுந்தோறும், நாயுடு எழுப்பிய வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை என்றே தோன்றுகின்றது. 1974-ஆம் ஆண்டு சனவரி மாதம் 4-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் சேர்த்த கருவிகளும் படைத்தவையும் கோவை அவிநாசி சாலையில் பொதுமக்கள் காண வைக்கப்பெற்றுள்ளன.

இப்பெரியாரின் வாழ்க்கையிலிருந்து, கார் உடைய நம்மனோர் கைக்கொள்ளத்தக்க எளிய பாடம் யாது? எஞ்சினைக் கழற்றிப் பூட்டுதல் எல்லோர்க்கும் இயல்வதன்று. ஆனால், வீட்டு முற்றத்திலேயே எஞ்சின் எண்ணெயைத் தாமே மாற்றுதல், பொறுமையுடைய எவர்க்கும் இயல்வதேயாம்.

எஞ்சினுள் உலோகத்தின்மேல் உலோகம் ஓயாது உராய்கின்றது. இரண்டுக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று தேய்வைத் தடுப்பது எண்ணெய். வெப்பத்தை வாங்கிக்கொள்வதும், கரியையும் உலோகத்துகளையும் ஏந்திச் செல்வதும் அதுவே. பிறர் அழுக்கைச் சுமப்பதால் தான் கறுக்கின்றது. நாளடைவில் தன் வலியையும் இழக்கின்றது. கொல்லிமலை போன்ற ஏற்றத்தில், வண்டி தாழ்ந்த கியரில் மெல்ல ஊர எஞ்சினோ விரைந்து சுழல்வதால், வெப்பம் மிகுந்து எண்ணெய் இளகுகின்றது. அளவு குறைந்திருப்பின், செங்குத்தான வளைவில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு எண்ணெய்க்கு மாறாகக் காற்றை உறிஞ்சவும் கூடும். மலையேறுமுன் காரவள்ளியில் ஒரு நிமிடம் நின்று எண்ணெய் அளவைப் பார்ப்பது வீண்வேலையன்று என்பது இதனால் விளங்கும்.

மாற்றும் முறை வருமாறு. வண்டியோடு வந்த கையேட்டில், எத்தர எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பன குறிக்கப்பட்டிருக்கும், அதனையே பின்பற்றுக. சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி அணைத்தல் வேண்டும். இளஞ்சூட்டில் எண்ணெய் நன்கு வடியும், கொதிக்கும் சூட்டிலோ கையைச் சுடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுதல் ஒருபோதும் ஆகாது. அது நழுவி உயிரிழந்தோர் உளர். உறுதியான தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்த பின்னரே கீழே செல்க. அகன்ற பாத்திரத்தை வைத்து, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, முற்றும் வடியும் வரை காத்திருக்க. புதிய வாஷரோடு போல்ட்டைப் பூட்டுக. அளவுக்கு மீறி இறுக்கினால் மரை கெடும். பழைய ஃபில்டரை எடுத்தபின், அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்க. புதியதன் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையால் இறுக்குக. பின்னர்ப் புதிய எண்ணெயை அளந்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டிக் கசிவு உளதா என்று நோக்குக. சற்று ஆறவிட்டு, டிப்ஸ்டிக் என்னும் அளவுக்கம்பியில் இரு கோடுகளுக்கும் இடையே எண்ணெய் நிற்பதைக் கண்டபின் நாளையும் ஓடிய தூரத்தையும் குறித்து வைக்க. குறைவு எஞ்சினைத் தேய்க்கும், மிகையும் தீங்கே.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டுவது பெரும்பிழை. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் அதனை இடருடைய கழிவுகளுள் ஒன்றாக வைத்துள்ளன. கொல்லிமலையிற் கொட்டிய எண்ணெய் அங்கேயே நின்றுவிடாது. ஓடைவழி இறங்கி, கீழுள்ளோர் கிணற்றையும் கழனியையும் சேரும். ஆதலின் மூடியுள்ள கலத்தில் ஊற்றி, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையிற் சேர்ப்பித்தல் கடமையாம்.

இதனாற் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். அதன்பொருட்டு நாம் இதனைப் பரிந்துரைத்தோமல்லோம். எண்ணெயை ஒருமுறை தன் கையால் மாற்றியவன், எஞ்சினின் ஓசை மாறினாற் கவனிப்பான். கசிவைக் கண்டால் அறிவான். பணிமனையிற் கூலிக்கு உழைப்பவனின் அருமையையும் உணர்வான். கற்றவர் என்போர் கையில் அழுக்குப் படலாகாது என்னும் பொய்ப்பெருமை நம் நாட்டில் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. அதனால் அறிவு ஒருபாலும் கைத்திறன் மற்றொருபாலும் பிரிந்து நின்று இரண்டும் மெலிந்தன. அவ்விரண்டையும் தம் ஒருவர்பால் இணைத்துக் காட்டியவர் துரைசாமி நாயுடு. மாணவ நண்பர்காள்! பட்டம் பெறுமுன் ஏதேனும் ஒரு கருவியையாவது உங்கள் கையாற் பிரித்து, அறிந்து, மீண்டும் பூட்டிப் பாருங்கள். கையிற் படிந்த கறை சோப்பினாற் போய்விடும், கற்றதோ போகாது.