முன்சீப் வேதநாயகர்

காவிரி கடலை நெருங்க நெருங்க ஒன்று பலவாகப் பிரிகின்றாள். கொள்ளிடம், மண்ணியாறு, அரசலாறு, வீரசோழனாறு எனப் பெயர்கள் பெருகுகின்றன. அவற்றினின்று வாய்க்கால்களும், வாய்க்கால்களினின்று கன்னிக்கால்களும் கிளைத்து வயல்தோறும் நுழைகின்றன. நெல் மிகுதியாக விளையும் அந்நாட்டில் வழக்கும் மிகுதியாகவே விளைந்தது. ஒரு சாண் வரப்பு நகர்ந்தது என்பது ஒரு வழக்கு. மேல்மடைக்காரர் தம் முறை முடிந்த பின்னும் மடையை அடைக்கவில்லை என்பது ஒரு வழக்கு. தந்தை ஒற்றி வைத்த நிலத்தை மகன் மீட்கச் செல்லும்போது, அது முன்னரே விலைக்கு விற்கப்பட்டது என்று மறுமொழி வருவது மற்றொரு வழக்கு. இத்தகைய வழக்குகளை முதன்முதலிற் கேட்டுத் தீர்ப்பளிப்பவர் மாவட்ட முன்சீப் என்னும் அலுவலர் ஆவார். 1857 முதல் 1872 வரை தரங்கம்பாடியிலும் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியில் அமர்ந்திருந்தவர் வேதநாயகம் பிள்ளை.

இன்று அவர் பெயரைச் சொன்னவுடன் பிரதாப முதலியார் சரித்திரமே நினைவிற்கு வருகின்றது. தமிழில் எழுந்த முதல் நாவல் அது. ஆனால் அந்நூல் வெளிவந்தபோது அவர் ஐம்பது வயதைக் கடந்துவிட்டார். அதற்கு முன் அவருடைய வாழ்நாளில் 24 ஆண்டுகள் நீதிமன்றத்துக் காகிதக் கட்டுகளுக்கு இடையிலேயே கழிந்தன. அவ்வாண்டுகளை அவர் எவ்வாறு கழித்தார் என்பது அவருடைய நூல்களைப் போலவே அறியத் தக்கதாகும்.

வேதநாயகர் 1826 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள், திருச்சிராப்பள்ளிச் சீமையிலுள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆங்கிலத்தினும் தமிழே அவர் உள்ளத்தை மிகுதியாகக் கவர்ந்தது. இளமையிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் அவருக்கு எளிதாக வாய்த்தது.

செய்யுள் இயற்றுவது எளிதாயிருந்தது. அதனைக் கொண்டு குடும்பம் நடத்துவது எளிதாயில்லை. அக்காலத்துப் புலவர்கள் மடங்களையும் செல்வர்களையும் சிற்றரசர்களையும் சார்ந்தே வாழ்ந்தனர். அச்சார்பும் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. தஞ்சையில் மராட்டிய மன்னர் சிவாஜி 1855 ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி மறைந்தார். அவரோடு தஞ்சை அரசும் முடிவுற்றது. ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு அப்போது திறந்திருந்த வாயில் அரசாங்க அலுவல் ஒன்றே. எனவே, 1848 ஆம் ஆண்டில் வேதநாயகர் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார்.

ஆவணக் காப்பாளர் வேலை புலமைக்கு உரிய வேலை அன்று. முடிந்த வழக்குகளின் காகிதங்களை எண்ணிட்டுக் கட்டுவதும், வேண்டும்போது அவிழ்த்துக் கொடுப்பதும், திரும்பி வந்தபின் சரிபார்த்து மீண்டும் கட்டுவதுமே அதன் சாரம். கம்பனையும் வள்ளுவரையும் நெஞ்சிற் சுமந்த ஓர் இளைஞருக்கு அது எத்தகைய இன்பம் தந்திருக்கும் என்பதை எவரும் உணரலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1850 இல், மொழிபெயர்ப்பாளர் பதவி கிடைத்தது. அதுவும் பிறர் எழுதியதை வேறு மொழியில் எழுதும் வேலையே.

ஆயினும் அவ்வேலையில் ஒரு நுட்பம் உண்டு. ஒற்றி என்பது வேறு, விற்பனை என்பது வேறு. வாரம் வேறு, குத்தகை வேறு. தமிழ் உழவர் ஒரு சொல்லில் உணர்த்தும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் தவறாக எழுதிவிட்டால், அச்சொல்லோடு அவர் நிலமும் போய்விடும். தாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு குடும்பம் நிற்கின்றது என்பதை மொழிபெயர்ப்பாளரே முதலிற் காண்கின்றார். சொல்லைத் துல்லியமாகக் கையாளும் பழக்கத்தை அவருக்குத் தமிழ் தந்திருந்தது. அப்பழக்கம் இங்கே ஓர் ஏழையின் வயலைக் காக்கவும் உதவும். தாம் விரும்பிய கலைக்கும் தமக்கு வாய்த்த வேலைக்கும் இடையே அவர் கண்ட முதற் பாலம் இதுவாகலாம்.

பின்னர் முன்சீப் பதவிக்குரிய தேர்வில் வெற்றி பெற்று, 1857 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அமர்ந்தார். அக்கடற்கரை ஊர் 1845 ஆம் ஆண்டு வரை டேனிஷ்காரர் வசமிருந்து, ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. தமிழ் நாட்டில் அச்சுக்கலை தழைத்த ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து சீகாழிக்கும், பின்னர் மாயூரத்திற்கும் மாறினார். மாயூரத்தில் நெடுங்காலம் தங்கியமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று பழமொழி புகழும் அவ்வூர் 1982 ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை என்று வழங்குகின்றது.

முன்சீபின் நாள் பெரும்பாலும் ஒரே வகையாகவே செல்லும். வாதி ஒன்று சொல்வார். பிரதிவாதி அதனை மறுப்பார். சாட்சி இருவர் சொல்லாததையும் சொல்வார். பத்திரங்களின் எழுத்தையும் கையொப்பத்தையும் ஒப்பிட வேண்டும். எவர் பொய் சொல்கின்றார் என்பது தெரிந்தும், சட்டப்படி மெய்ப்பிக்கப்படாவிடில் வாளா இருக்க வேண்டும். தோற்றவர் முன்சீபைப் பழிப்பார். வென்றவரோ மேல் முறையீட்டுக்கு அஞ்சி நன்றி சொல்லவும் மறப்பார். மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை ஒட்டியே கீழ் நீதிமன்றங்கள் தீர்ப்புக் கூற வேண்டும். தம் வழக்கு எவ்விதியால் வென்றது, எவ்விதியால் தோற்றது என்பதை அறியாமலே மக்கள் வண்டி கட்டி ஊர் திரும்பினர்.

வேதநாயகர் இவ்வலுவலைத் தமிழைப் போல விரும்பினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வேண்டா வெறுப்பாக நாளைக் கழித்துவிட்டு மாலையில் மட்டும் வாழும் வழியை அவர் கொள்ளவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் லாம் என்னும் கட்டுரையாசிரியர் 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் கணக்கெழுதினார். அவர் தம் மேசையைச் சிறையாகவே கருதினார். எழுத்து அச்சிறையினின்று அவருக்குக் கிடைத்த விடுதலை. அதே கம்பெனியின் ஆட்சியில் வேலைக்கு அமர்ந்த வேதநாயகர் வேறு வழி கண்டார். மக்களுக்கு இவ்வேலையில் எது குறைவாக இருக்கின்றது, அதனை நிறைவு செய்யத் தம்மிடம் என்ன இருக்கின்றது என்று நோக்கினார். மக்களுக்குக் குறைவாக இருந்தது தமிழில் சட்டம். அவரிடம் நிறைவாக இருந்ததும் தமிழே.

சென்னையில் சதர் நீதிமன்றம் என்ற தலைமை நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கும் வேலையை அவர் மேற்கொண்டார். அது முன்சீபின் கடமையில் அடங்கியதன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகளைப் படித்து, இன்றியமையாதவற்றைச் சுருக்கி, அதுவரை தமிழில் இல்லாத சட்டச் சொற்களுக்கு வழி கண்டு எழுதுவது எத்துணை உழைப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் கேட்ட வழக்குகளின் களைப்போடு விளக்கின் முன் மீண்டும் வழக்குகளையே எடுத்து வைத்துக்கொண்டார் என்றால், அதனை ஊதியத்திற்காகச் செய்தார் என்று கூற இயலாது. 1862 ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் சதர் நீதிமன்றம் நீங்கி, சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. தாம் பாடுபட்டு மொழிபெயர்த்த நீதிமன்றமே மறைந்தது கண்டு வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். ஆனால் பழைய தீர்ப்புகள் மேற்கோளாக நின்றன. தமிழ் மட்டும் அறிந்தவரும் அவற்றைத் தாமே படித்து அறியும் வழி பிறந்தது.

நீதிமன்றத்தில் கண்டவை வேறு வடிவிலும் வெளிப்பட்டன. 1859 ஆம் ஆண்டில் அவர் நீதிநூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். களவும் பொய்யும் கைக்கூலியும் அதிற் கண்டிக்கப்படுகின்றன. நீதி நூல்கள் தமிழில் முன்பும் பல உண்டு. ஆயினும் கைக்கூலியைப் பற்றி ஒரு முன்சீப் எழுதுவதற்குத் தனி வலிமை உண்டு. தாமே தவறியிருந்தால் அந்நூலைத் தம் ஊரில் விரித்துப் படிக்க அவருக்கே நாணம் வந்திருக்கும்.

அவருடைய மாலைப் பொழுதுகள் வறண்டவை அல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். சீகாழியில் வேதநாயகர் முன்சீபாக இருந்தபோது மகாவித்துவான் அங்கு வந்து சீகாழிக் கோவையை இயற்றினார். வேதநாயகர் மீதே குளத்துக் கோவை என்ற நூலையும் பாடினார். பின்னர் மகாவித்துவான் மாயூரத்தில் வாழ்ந்தபோதும் அந்நட்பு வளர்ந்தது. 1871 ஆம் ஆண்டில் பாடம் கேட்க அங்கு வந்த இளைஞர் உ. வே. சாமிநாதையர் ஆவார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சைவர். இருவரையும் இணைத்தது தமிழ். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகரின் நண்பரே. பகலெல்லாம் மக்கள் பகைமையைக் கேட்டவருக்கு இத்தகைய நட்பு எவ்வளவு பெரிய ஆறுதல்! ஒரு வேலையின் குறையை அவ்வேலைக்குள்ளேயே தீர்க்க முயலாமல், அதற்கு வெளியிலும் ஒரு நிழலைத் தேடிக்கொள்ளும் அறிவு அவருக்கு இருந்தது.

1872 ஆம் ஆண்டில், உடல் நலிவும் மேலதிகாரியோடு நேர்ந்த மனவேறுபாடும் கூடி, அவர் பதவியினின்று விலகினார். உரிய காலத்திற்கு முன்பே விலக நேர்ந்தது வருத்தத்திற்குரியதுதான். நன்கு செய்த வேலைக்கு எப்போதும் நன்கு விடை கிடைப்பதில்லை.

ஓய்வு பெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. மாயூரம் நகரசபைத் தலைவராகப் பணியாற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்தோருக்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். 1878 இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க அக்கீர்த்தனைகளிடையே உத்தியோகத்தைப் பற்றியனவும் உண்டு. விட்டுவந்த அலுவல் அவர் நினைவை விட்டு அகலவில்லை போலும்.

1879 ஆம் ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியாயிற்று. பதவியின் தளை நீங்கிய ஒருவர் அதில் நீதிமன்றத்தை மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. கதைத் தலைவியாகிய ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள நேரும் பகுதியில், ஆட்சியும் நீதியும் மக்கள் மொழியில் நடைபெற வேண்டிய இன்றியமையாமை விரிவாகப் பேசப்படுகின்றது. கதையின் ஓட்டம் அவ்விடத்தில் சற்றே தங்கிவிடுகின்றது என்று சிலர் குறை கூறுவர். குறை உண்மையே. ஆனால் அவ்விடத்தில் பேசுபவர் கதாசிரியர் மட்டும் அல்லர். வண்டி கட்டி வந்து ஒன்றும் விளங்காமல் திரும்பிய வழக்காளிகளை ஆண்டுக்கணக்காகக் கண்ட முன்சீபும் சேர்ந்தே பேசுகின்றார். சட்டத்தின் நடையை நன்கறிந்தவரே அதன் நொண்டலையும் அறிவார். நகைச்சுவையும் கிளைக்கதைகளும் நிறைந்த அந்நாவலின் சாட்சிகளும் வக்கீல்களும் உயிரோடு நடமாடுவதற்கு, விரும்பித் தேடாத அந்த அலுவலே உதவிற்று.

அதன் பின்னர் 1887 இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாவது நாவலையும் எழுதினார். பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்பதை வற்புறுத்திப் பெண்மதி மாலை முதலிய நூல்களை முன்னரே இயற்றியிருந்தார். 1889 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21 ஆம் நாள் அவர் மறைந்தார்.

பிரதாப முதலியார் சரித்திரம் பலமுறை பதிப்பிக்கப்பட்டு இன்றும் படிக்கப்படுகின்றது. சித்தாந்த சங்கிரகத்தையோ ஆராய்ச்சியாளர் அன்றிப் பிறர் தேடுவதில்லை. அதிலுள்ள சட்டங்கள் பல மாறிவிட்டன. அந்நூலை எழுதத் தூண்டிய குறை மட்டும் நெடுங்காலம் நீடித்தது. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதில் 1976 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தமே கீழ் நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழி வகுத்தது. அதற்கு 114 ஆண்டுகளுக்கு முன்னரே, காவிரிக் கரையில் ஒரு முன்சீப் தீர்ப்புகளைத் தமிழில் எழுதி அச்சிட்டு முடித்திருந்தார்.