நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும் உப்பும் நினைவிற்கு வருதல் இயல்பே. கொற்கைத் துறை சிறந்திருந்த காலந்தொட்டு இக்கரையோரத்து மக்கள் கடலடியில் மூழ்கி முத்தெடுத்தனர். கடல்நீரைப் பாத்தியிற் கட்டி வெயிலிற் காய்ச்சி உப்பெடுத்தனர். முத்துக்குளித்தல் இன்று பழங்கதையாயிற்று. உப்பளங்கள் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையாய்க் கிடக்கின்றன. ஓட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனாரும் எட்டயபுரத்துப் பாரதியாரும் இவ்வட்டாரத்திற்குத் தேடித்தந்த புகழை நாம் அனைவரும் அறிவோம். இவ்விருவர்க்கும் மூத்தவராய் இதே வட்டாரத்திற் பிறந்து, உப்புக் கணக்கு எழுதியிருந்த ஓர் இளைஞர், அக்கணக்கை மூடிவைத்துவிட்டு நாடகக் கொட்டகைக்குட் புகுந்த வரலாறு நம் மாணவரிற் பலருக்குத் தெரியாது. அவரே தமிழ் நாடக உலகம் தன் தலைமை ஆசிரியர் என்று இன்றுங் கொண்டாடும் சங்கரதாஸ் சுவாமிகள்.

அவர் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்ததும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளதுமான காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை. கம்பன் காவியத்தில் அவருக்கிருந்த புலமை கண்டு ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே வழங்கினர். மைந்தருக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ச் சங்கரதாசர் பழனியிலிருந்த தண்டபாணி சுவாமிகளை அடைந்து யாப்பு முதலாகிய இலக்கணங்களை முறையாகப் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருடன் பயின்றவர். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் தடையின்றிப் பாடும் ஆற்றல் அவருக்கு வாய்த்ததென்பர்.

புலமை வயிற்றை நிரப்புமோ? கணக்கப்பிள்ளையின் புதல்வர் கணக்கராகவே உப்புப் பண்டகசாலையில் அமர்ந்தார். மூட்டையை எண்ணுவதும் ஏட்டிற் பதிவதும் எவ்வளவு காலம் அவரைக் கட்டிவைக்கும்? தம் 24ஆவது வயதில், அஃதாவது 1891ஆம் ஆண்டளவில், வேலையைத் துறந்து, இராமுடு ஐயர், கல்யாணராமையர் என்போர் நடத்திய நாடக சபையிற் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு நம் நாடக வரலாற்றில் குறித்துக்கொள்ளத் தக்கது. அதே 1891இற்றான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அது வழக்கறிஞரும் உத்தியோகஸ்தரும் பொழுதுபோக்காக நடித்த சபை. நாடகத்தாற் பிழைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. சில ஆண்டுகள் கழித்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை இயற்றினார். மிஷன் கல்லூரியொன்றின் தமிழ்ப் பேராசிரியர் நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தது நம்மனோர்க்குப் பெருமையே. எனினும், சந்தைக்கு வந்த குடியானவனும், உப்பள வேலை முடிந்து வந்த கூலியாளும், காலணா அரையணா கொடுத்து மணலில் அமர்ந்து விடியுமளவும் பார்த்த நாடகங்களை அவ்விருவர் பணியும் அதிகம் தொடவில்லை. அந்தக் கொட்டகைகளிற்றான் சங்கரதாசர் தம் வாழ்நாளைக் கழித்தார்.

அக்காலத்துத் தொழில்முறை மேடையின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். நாடகம் என்பது பெரும்பாலும் பாட்டாகவே இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேசப்படும் வசனத்தை எழுதிவைப்பார் அரியர். நடிகர் அவரவர் மனம் போனவாறு பேசுவர். கதை எங்கோ செல்லும். ஒருவரையொருவர் மடக்கும் வாய்ச்சண்டையே எஞ்சும். கைதட்டல் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே நாடகத்தின் வெற்றி. கூத்தாடி என்ற சொல் வசைச்சொல்லாய் வழங்கியதற்கு ஊராரின் குறுகிய நோக்கம் ஒரு காரணமாயின், மேடையிலிருந்தவர்களின் ஒழுங்கின்மையும் ஒரு காரணமே என்று நாம் கருதுகிறோம்.

சங்கரதாசர் முதலில் நடிகராகவே விளங்கினார். கம்பீரமான தோற்றமும் கணீரென்ற குரலும் வாய்ந்த அவருக்கு இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் ஆகிய வேடங்களே அமைந்தன. அவ்வேடங்களைப் பற்றி நாடகக்காரரிடையே வழிவழியாக வழங்கும் செய்திகள் இரண்டு உள. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றுடன் பாய்ந்து வந்தபோது, பார்த்திருந்த கர்ப்பிணி ஒருத்தி அஞ்சி, அவள் கரு கலைந்தது என்பது ஒன்று. நளன் கதையிற் சனீஸ்வரனாக நடித்து, வேடத்தைக் கழுவ விடியற்காலையில் நீர்த்துறைக்குச் சென்றபோது, துணி வெளுக்க வந்த பெண்ணொருத்தி அக்கருத்த உருவைக் கண்டு அவ்விடத்திலேயே உயிர்துறந்தாள் என்பது மற்றொன்று. வாய்வழிச் செய்தி வளர்ந்துகொண்டே செல்வது உலகியற்கை. இவற்றில் எவ்வளவு நிகழ்ந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று ஆராய்வார் ஆராய்க. நாம் கருதவேண்டுவது வேறு. தம் நடிப்பின் வன்மைக்குச் சான்றாகச் சொல்லிப் பெருமைகொள்ள வேண்டிய செய்தியை, பிறராயின் விளம்பரத் தாளில் அச்சிட்டிருப்பர். இவரோ அதைத் தம் பாவமாகக் கொண்டார். வேடமிடுதலை விட்டார், காவி உடுத்துத் தலயாத்திரை புறப்பட்டார். இல்லறத்தில் அவர் புகவேயில்லை. சுவாமிகள் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது இவ்வாறே.

யாத்திரை முடிந்து திரும்பியவர் மீண்டும் கொட்டகைக்கே வந்தார். ஆனால், ஆசிரியராக வந்தார். சாமி நாயுடுவின் சபையில் சூத்திரதாரராகவும் போதகராகவும் இருந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் சபைகளும் அவரை நாடின. இவ்விடைக்காலத்திற் புதுக்கோட்டையில் மான்பூண்டியா பிள்ளையின் நட்பு கிடைத்ததைத் தனியே சொல்லவேண்டும். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த லய மேதை அவர். அவர் சுவாமிகளை மகன்போற் போற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டார். தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற யாப்பும் மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற தாளமும் ஒன்றுகூடிய இடமே சுவாமிகளின் நாடகப் பாடல்கள். எத்துணைக் கடினமான சந்தமாயினும் அவர் பாட்டில் தமிழ்ச்சொல் நொண்டுவதில்லை.

அவர் இயற்றிய நாடகங்கள் 40க்கு மேற்பட்டவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சுலோசனா சதி, பிரகலாதன், சதி அனுசூயா, லவகுசா என அப்பட்டியல் நீளும். வடமொழி மிருச்சகடிகத்தையும், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட், சிம்பலைன் என்பவற்றையும் தமிழ்மேடைக்குக் கொணர்ந்தார். ஆயினும், அவர் புகழ் நிற்பது பாட்டிமார் சொன்ன கதைகளின் மேலேதான். அல்லியும் பவளக்கொடியும் நல்லதங்காளும் நாட்டுப்புறத்தார் முன்னரே அறிந்தவர்கள். தெரிந்த கதையை எட்டு மணிநேரம் பார்க்கவைப்பதெப்படி? வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி, தெம்மாங்கு எல்லாவற்றையும் சுவாமிகள் கலந்தார். கருநாடக இராகத்தோடு இந்துஸ்தானி மெட்டும் வந்து நின்றது. வசனத்தை எழுதியே வைத்தார். திருக்குறட் கருத்துகளை அதனுள் இழைத்தார். பள்ளிக்கூடம் அறியாத ஒருவன் தன் ஊர்க் கொட்டகையில் ஓரிரவில் கேட்ட தமிழ், நம் வகுப்பறையில் ஒரு பருவத்தில் கேட்கும் தமிழுக்குக் குறைந்ததன்று. அவர் வசனத்தில் மோனையும் எதுகையும் சில இடங்களில் அளவிறந்து ஒலிக்கின்றன என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. ஒலிபெருக்கியில்லாத காலத்திற் கடைசி வரிசையில் இருந்தவனுக்குச் சொல் தெளிவாய்ப் போய்ச்சேர அவ்வோசை உதவியது.

நிற்க. எழுதிக்கொடுத்ததைப் பெரிய நடிகர் பேசினாற்றானே? பெயர்பெற்ற நடிகர்கள் பாடத்தைக் காற்றிற் பறக்கவிட்டுப் பழைய வழியிலேயே சென்றனர். அவர்களைத் திருத்த முயன்று சலித்த சுவாமிகள், இளம் பயிரை வளர்ப்பதே வழி என்று துணிந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைக் கண்டார். பின்னாளில் இசையுலகை ஆட்கொண்ட எஸ். ஜி. கிட்டப்பாவும் அவர் உடன்பிறந்தாரும் அதிற் பயிற்சி பெற்றவர்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. இவ்வகைச் சபைகளைப் பாய்ஸ் கம்பெனி என்று ஊரார் வழங்கினர். அரசனும் அரசியும் அரக்கனும் விதூஷகனும் எல்லாரும் சிறுவரே.

ஏழைக் குடும்பத்துச் சிறுவர் பலர் சோற்றுக்காகவே அங்கு வந்தனர். பகலிற் பாடம், இரவில் நாடகம். தவறினால் பிரம்படியும் உண்டு. சிறுவரை இரவெல்லாம் உழைக்கவைத்த அம்முறையை இன்றைய சட்டமும் ஏற்காது, நம் மனமும் ஏற்காது. அதனை நாம் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஆயினும், அச்சிறுவர்க்கு அந்நாளில் வேறு பள்ளி எது திறந்திருந்தது? எழுத்தும் இலக்கியமும் இசையும் நாவொழுக்கமும் அவர்கள் அங்குக் கற்றனவே. அவ்வாறு சேர்ந்தவர்களில் டி. கே. எஸ். சகோதரர்கள் தலைசிறந்தவர்கள். அவருள் சண்முகம் சபையிற் சேர்ந்தபோது ஆறு வயதுச் சிறுவர். பின்னாளில் ஔவையார் வேடத்தாற் புகழ்பெற்று ஔவை சண்முகம் என வழங்கப்பெற்றவர் அவரே.

அச்சிறுவருக்கென்றே சுவாமிகள் ஒரு நாடகம் எழுதிய செய்தியைச் சண்முகம் பிற்காலத்திற் பலமுறை எடுத்துரைத்துள்ளார். சிறுவனின் திறங்கண்டு மகிழ்ந்த சுவாமிகள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஓர் இரவு உட்கார்ந்து எழுதினாராம். சபையிலுள்ளோர் உறங்கினர், விடிந்து பார்த்தால், பாட்டும் வசனமுமாய்ப் பல மணிநேரம் நடிக்கத்தக்க முழு நாடகமும் ஆயத்தமாயிருந்தது, தாளில் அடித்தலும் இல்லை, திருத்தலும் இல்லை. பெரிய நடிகர் மதியாத எழுத்தை ஒரு பாலகன் எழுத்துப் பிசகாமல் மேடையிற் பேசக்கேட்ட சுவாமிகளின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை அன்பர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1921இற் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது, கையும் காலும் ஒரு புறம் செயலற்றன, நாவும் அடங்கிற்று. ஆயிரக்கணக்கான பாட்டுகளை வாய்திறந்தவுடன் பொழிந்த நாவு அது. அந்நிலையிலும் அவர் சபையைப் பிரியவில்லை. சிறுவர் செல்லும் ஊருக்கெல்லாம் உடன் சென்றார்; அவர் சொல்லிக்கொடுத்தவற்றை அவர்கள் பேச, அவர் பேசாதிருந்து கேட்டார். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் ஆவி பிரிந்தது. பிறந்த வட்டாரத்தில் அன்று. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர் அங்கு குருபூசை செய்கின்றனர்.

அவர் மறைந்தபின் அவர் நாடகங்கள் சென்ற வழி வியப்பானது. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் இணைந்து நடித்தபோது ஊர்கள் திரண்டன. அவ்விருவரும் முதலிற் சேர்ந்தது நம் கரைக்கு எதிர்க்கரையான கொழும்பு நகர மேடையில் என்பர். 1934இல் கே. சுப்பிரமணியம் பவளக்கொடியைப் பேசும் படமாக்கினார், எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரையில் முதன்முதல் தோன்றியது அதிற்றான். டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ஆசிரியரின் ஒழுங்கை அரை நூற்றாண்டு காத்தனர். பாய்ஸ் கம்பெனிகளோ ஒவ்வொன்றாய் மறைந்தன.

மறையாதது ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அது இன்றும் நடைபெறுகின்றது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியே பேசியமர்த்தப்பெற்று அன்றிரவுதான் மேடையருகே ஒருவரையொருவர் காண்கின்றனர். ஒத்திகை என்பதே இல்லை. அது எவ்வாறு இயலும்? வள்ளி திருமணம் அனைவருக்கும் மனப்பாடம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நாரதர் எங்கு நுழைவார், வேலன் எங்கு மறைவான் என்பதெல்லாம் சுவாமிகள் அன்று வகுத்தபடியே. ஆனால், பாட்டுக்கிடையில் நாரதரும் வள்ளியும் புரியும் தர்க்கம் இருக்கின்றதே, அஃது அவரவர் நாவன்மைப்படி மணிக்கணக்கில் நீளும், ஒருவரையொருவர் மடக்குவர், கூட்டம் ஆரவாரிக்கும். எதனை ஒழிக்கச் சுவாமிகள் வாழ்நாளெல்லாம் உழைத்தாரோ அதுவே அவர் நாடகத்திற்கு உயிரூட்டிக்கொண்டிருக்கின்றது. அவர் இருந்திருந்தாற் பிரம்பை எடுத்திருப்பாரோ, சிரித்திருப்பாரோ, நாம் அறியோம். இரவு பத்து மணியளவில் தொடங்கும் அவ்வாட்டத்தில், பபூனுடைய கூத்தெல்லாம் முடிந்து, தினைப்புனத்துப் பரணில் வள்ளி ஏறி ஆலோலம் பாடத் தொடங்கும்போது நள்ளிரவு கடந்துவிடும். முருகன் மாலையிட்டு மங்களம் பாடுகையில் கிழக்கு வெளுத்திருக்கும். உறங்கிய பிள்ளைகளைத் தோளிற் போட்டுக்கொண்டு ஊரார் வீடு திரும்புவர்.