எல்.எம்.எஸ். சுப்பாராவ்



தண்ணீர் பரிசோதனை லேபில் பாஸ்பேட் சோதனை செய்தது ஞாபகம் இருக்கும். ஆசிட் கலந்த மாலிப்டேட் கரைசலை ஊற்றி, ரிடியூசிங் ஏஜென்ட் சேர்த்தால் டியூபில் நீலம் வரும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். எனக்கு அன்றைக்கு நீலம் நேரத்துக்கு வரவில்லை. ரீஏஜென்ட் பழசுன்னு சொல்லிவிட்டு, பக்கத்து பெஞ்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதிக்கொண்டேன். இதே மாதிரி நீலம் லேட்டாக வந்தபோது காப்பி அடிக்காமல் உட்கார்ந்து யோசித்த ஒருவரின் கதைதான் இது.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இப்போது ஆந்திராவில் இருக்கும் அந்த ஊர் அப்போது சென்னை மாகாணம். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். வறுமை. பையனுக்குப் படிப்பிலும் மனசு இல்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடிப் பார்த்தார். அம்மா பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை பெயில். மூன்றாவது தடவை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் செய்தார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும்!

பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகள் சொன்னாரென்று கதர் உடுத்தியே அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வு நன்றாக எழுதியும் கடைசியில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். சொந்தக்காரங்க கல்யாணத்தில் ஒருவர் என்ன படிக்கிறே என்று கேட்டார். சொன்னதும், டிப்ளமோதானா என்று இழுத்தார். பக்கத்தில் இருந்த அப்பா இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த 'தானா'வைத் தாண்ட சுப்பாராவுக்கு எத்தனை வருஷம் ஆனது என்று பார்க்கத்தான் மேலே படித்தேன்.

சரி, கதைக்கு வருவோம். அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயில் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்து, ஆள் உருகிப்போகும் நோய் அது. அவருக்கும் வந்தது; ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். கொஞ்ச நாள் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு மாமனார் உதவியோடு, மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு, 1922-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் அவர் முதலில் வாங்கியதும் வெப்பமண்டல மருத்துவத்தில் ஒரு டிப்ளமோதான்! சாப்பாட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை. நோயாளிகளின் மூத்திரப் பாத்திரம் கழுவுகிற வேலை.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். நாம் செய்த நீலச் சோதனைக்கு நெருங்கிய சொந்தம் இது. பெயர் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை.

அதே முறையைத் தசைச் சாற்றில் செய்தபோது நீலம் ஒழுங்காக வரவில்லை. முதலில் வெளிறி இருந்தது, நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. சாதாரண பாஸ்பேட் அப்படிச் செய்யாது. அப்படியானால் தசைக்குள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பொருள் ஆசிட்டில் மெல்ல உடைகிறது என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். 1927-ல் அந்தப் பொருள் அகப்பட்டது: பாஸ்போகிரியாட்டின். தசை வேலை செய்யும்போது அது உடைகிறது, ஓய்வெடுக்கும்போது மறுபடி சேர்கிறது. லாக்டிக் ஆசிட் உண்டாவதுதான் தசைக்குச் சக்தி என்று அதுவரை இருந்த பாடம் ஆட்டம் கண்டது.

1929-ல் ஏடிபி, அதாவது அடினோசின் டிரை பாஸ்பேட். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே வருஷம் தனியாகக் கண்டுபிடித்தார். மூன்று பாஸ்பேட் வரிசையாக நிற்கும். கடைசி ஒன்று கழன்றால் செல்லுக்கு வேலை செய்யச் சக்தி கிடைக்கும், மிச்சம் ஏடிபி-யின் தம்பியான ஏடிபி இல்லை, டி-யில் முடியாத ஏடிபி என்று குழம்ப வேண்டாம். டிரை போய் டை ஆகிறது, அடினோசின் டை பாஸ்பேட். அதற்கு மறுபடி ஒரு பாஸ்பேட்டை எடுத்துக் கொடுப்பது பாஸ்போகிரியாட்டின். கை மாற்றிவிடும் என்சைம் கிரியாட்டின் கைனேஸ். மெக்கானிக்கல் தோழர்களுக்குப் பஞ்சிங் மெஷின் ஃபிளைவீல் என்றால் போதும். ஓட்டப்பந்தயத்தின் முதல் சில விநாடிகள் இந்த ஃபிளைவீலில்தான் ஓடுகிறோம்.

மற்ற நேரத்தில் ஏடிபி எங்கிருந்து வருகிறது? நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களை என்ஏடி, எஃப்ஏடி, சைட்டோகுரோம் ஆகியவை, செங்கல் கை மாற்றுகிற சித்தாள் வரிசை மாதிரி, ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. அந்த வழியில் கிடைக்கும் சக்தியில் செல் ஏடிபி செய்துகொள்கிறது. இதையெல்லாம் முழுதாக விளக்கியவர்கள் வேறு பலர்.

1930-ல் பிஎச்.டி. கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவே இல்லை. 1940-ல் லெடர்லி மருந்து கம்பெனிக்குப் போனார். அங்கே அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்தக் கட்டுரையில் 16 பெயர்கள், நடுவில் ஒன்றாக இவர் பெயர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது மருந்தானது. சகோதரர்கள் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஃபோலிக் ஆசிட்டையே கொஞ்சம் மாற்றி, டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற என்சைமை ஏமாற்றி அடைக்கிற அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளும் அங்கிருந்தே வந்தன. அமினோப்டெரினை வைத்து 1948-ல் பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிவதைக் காட்டினார். மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. 1947-ல் வந்த டைஎத்தில்கார்பமசின் யானைக்கால் நோய்க்கானது. வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான். எங்க பாட்டி அதை வாங்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, முழுங்கிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவார்களாம்.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில், தூக்கத்திலேயே, 53 வயதில் சுப்பாராவ் இறந்துபோனார். 1922-ல் கிளம்பியவர் இந்தியாவுக்குத் திரும்பி வரவே இல்லை. சேஷகிரி அம்மாளை மறுபடி பார்க்கவும் இல்லை. நோபல் பரிசும் கிடையாது. 1995-ல், அவர் பிறந்த நூறாவது வருஷத்தில், நம்ம தபால் துறை அவர் படம் போட்டு ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது.